தாசில்தாருக்கு எதிர்ச்சொல்

பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் இதெல்லாம் ஞாபகத்துக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

மந்தைவெளியில் ஒரு பல் டாக்டர். எனக்கு டோக்கன் பதினொன்று. முன்னால் இன்னும் ஐந்து வாய்கள் பாக்கி. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், கல்லூரிக் கடைசி வருஷம் இருக்கும், ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். போன் அவ்வப்போது ஒரு ஆங்கில வார்த்தையைச் சொல்லும். அவள் தலையாட்டுவாள். திடீரென்று அது "ஆன்வீ" என்றது. எட்டிப் பார்த்தேன். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான், ஆனால் கடைவாய்ப் பல் வலிக்கும்போது நாகரிகமெல்லாம் அவ்வளவாக வருவதில்லை. திரையில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. சலிப்பு என்று அர்த்தம். அதை முப்பது வருஷமாக நான் "என்னுய்" என்றுதான் சொல்லி வருகிறேன். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் "எனக்கு ஒரே என்னுய்யா இருக்கு" என்று சொல்லப்போய், அவள் "சீயக்காயும் கரைச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டது உண்டு.

"ஜி.ஆர்.இ.யாம்மா?" என்றேன்.

"ஆமா அங்கிள்."

"எதிர்ச்சொல் பகுதியெல்லாம் எப்படிப் போகுது?"

"எதிர்ச்சொல்லா? அப்படி ஒண்ணு இல்லையே அங்கிள்."

எடுத்துவிட்டார்களாம். என்றைக்கோ எடுத்துவிட்டார்களாம். எனக்கு ஒருத்தரும் தகவல் சொல்லவில்லை. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. என்னை இந்த ஊரிலேயே உட்கார்த்தி வைத்த பகுதி அது. எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அமெரிக்காவில் மேலே படிக்கப் போகிறவர்கள் எழுதுகிற தேர்வு அது. அந்தப் பகுதியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய எழுத்தில் ஒரு ஆங்கில வார்த்தை நிற்கும். முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் கிடையாது, அப்பன் ஆத்தாள் இல்லாத பிள்ளை. அதன் கீழே ஐந்து வார்த்தைகள். அவற்றில் எது நேர் எதிரானதோ, விடைத்தாளில் அதற்கான வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். வார்த்தை தெரிந்தால் மூன்று விநாடியில் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் மூன்று மணி நேரம் கொடுத்தாலும் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரியாது. அன்வருக்கும் தெரியாது. அன்வர் என் கல்லூரித் தோழன், நாலு வருஷமும் ஒரே பெஞ்சு. நாங்கள் கணக்கில் புலிகள். ஆங்கிலத்தில், லீவ் லெட்டர் எழுதும் அளவுக்குக் கெட்டி. நான் அபிராமபுரத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு பழைய குடியிருப்பில் இருந்தேன். அவன் வீடு ராயப்பேட்டையில், சந்துக்குள் சந்து. வீட்டுக்குக் கீழேயே அவன் அத்தாவின் அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் பிரதான வேலை. இந்துக் கல்யாணம், நிக்காஹ், சர்ச் கல்யாணம், எல்லாவற்றுக்கும் அவர்தான். உள்ளே நுழைந்தால் மையும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு யாருக்கோ கல்யாணம் என்று தோன்றும்.

அச்சகத்தில் பிழையாகிப்போன பத்திரிகைகள் மூலையில் குவிந்து கிடக்கும். அவற்றை வெட்டித்தான் எங்கள் வார்த்தை அட்டைகளைச் செய்தோம். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அங்கே ஆங்கில வார்த்தை. முன்பக்கம் தங்க எழுத்தில் "திருவளர்ச்செல்வி" என்றோ "தங்கள் நல்வரவை நாடும்" என்றோ பாதி வெட்டுப்பட்டு நிற்கும், அதன் சந்துபொந்தில் அர்த்தத்தை எழுதுவோம். 'வெறுப்பு' என்ற அர்த்தம் "இரு வீட்டார் அழைப்பு" என்பதற்குக் கீழே அமைந்தது தற்செயல்தான். மூவாயிரத்துச் சொச்சம் வார்த்தைகள். எத்தனை கல்யாணங்களை வெட்டினோம் என்று கணக்கில்லை.

பயிற்சி வகுப்புக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். தி.நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நடந்தது. கீழே வாங்கிய குடத்திலும் தவலையிலும் பேர் வெட்டிக்கொடுப்பார்கள். மாஸ்டர் ஒரு வார்த்தையைச் சொல்லி, "இதன் பொருள் என்னவென்றால்" என்று வாயைத் திறக்கவும், கீழே மெஷின் டிர்ர்ர் என்று யாரோ ஒரு அம்மாளின் பேரை வெட்ட ஆரம்பிக்கவும் சரியாக இருக்கும். முகூர்த்த மாதம் வேறு. மூன்று வகுப்பில் நாங்கள் தெரிந்துகொண்டது, அந்த வருஷம் தி.நகரில் எவர்சில்வர் நன்றாக விற்றது என்பதுதான். நின்றுவிட்டோம்.

எங்கள் திட்டம் சுலபமானது. இருவரும் அமெரிக்காவில் ஒரே பல்கலைக்கழகம், ஒரே அறை. அவன் சமைப்பான், நான் பாத்திரம் தேய்ப்பேன். தனித்தனியாகப் போவது என்ற பேச்சே எங்களிடம் கிடையாது. ஆனால் அங்கே உதவித்தொகை கிடைத்தால்தான் இரண்டு வீட்டிலும் அனுப்ப முடியும், அது கிடைக்க ஆங்கிலப் பகுதியில் அறுநூறு வாங்க வேண்டும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். தேர்வுக் கட்டணமோ டாலரில். அப்பா டிராஃப்ட் எடுத்துக்கொடுத்துவிட்டு, "ஒரு தடவைதான். வரலேன்னா வேலைக்குப் போ, முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே" என்றார். ஆக, ஒரே ஒரு வாய்ப்பு. அறுநூறு வந்தால் அன்வரோடு போகலாம். வராவிட்டால் அவன் மட்டும் போவான். அந்த இரண்டாவது வாக்கியம் நினைவுக்கு வந்தாலே அடுத்த அட்டையை எடுத்துவிடுவேன்.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் படிப்பு. அன்வர் காலை ஏழு மணிக்கெல்லாம் சைக்கிளில் வந்துவிடுவான். மனப்பாடம் செய்ய அவன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"மச்சி, இங்கிலீஷ் வார்த்தைய இங்கிலீஷ்ல படிச்சா நிக்காது. காதுல தமிழா இன்னா விழுதோ அத்த புடிச்சிக்கோ."

பிடித்துக்கொண்டோம். 'கல்' என்று ஒரு ஆங்கில வார்த்தை, பொறுக்கி எடுப்பது என்று அர்த்தம். அரிசியில் கல் பொறுக்குவதை நினைத்துக்கொண்டால் தீர்ந்தது. 'பல்லிட்' என்றால் வெளிறியது. சுவரில் பல்லியைப் பாருங்கள், என்ன நிறம்? 'மல்லிஃபை' என்றால் சமாதானப்படுத்துவது. மல்லிப்பூ வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் கோபம் இறங்குமா இறங்காதா? 'வேனல்' என்றால் லஞ்சம் வாங்குகிற ஆள். அவன் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு "வேலை நடக்க வேணும்ல?" என்று கேட்பான். 'அவெர்' என்றால் அடித்துச் சொல்வது. அவர் சொன்னால் சொன்னதுதான். அன்வர் வீட்டில் கொஞ்சம் உருதுவும் புழங்கும் என்பதால் சில வார்த்தைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் பிடித்து வருவான். இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று உங்களுக்குத் தோன்றலாம். முப்பது வருஷம் கழித்து ஒரு வார்த்தைகூட மறக்காமல் சொல்கிறேனே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?

மனிதர்களின் குணத்தைச் சொல்லும் வார்த்தைகளுக்கு எங்கள் குடியிருப்பிலிருந்தே ஆட்களை நியமித்தோம். 'கார்ருலஸ்' என்றால் ஓயாமல் பேசுபவர். தரைத்தள டாக்டர் லஸ் முனையில் காரை நிறுத்திவிட்டு ஊர்க்கதை பேசுவார், கார், லஸ், பொருத்தம் முடிந்தது. 'டாசிடர்ன்' என்றால் வாயே திறக்காதவர். அதற்கு ஒரு ஆள் பிறந்தே இருந்தார். இரண்டாம் மாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, ஓய்வுபெற்ற தாசில்தார்.

டாசிடர்ன், தாசில்தார். கடவுளே பார்த்துக் கொடுத்த பொருத்தம். அவர் குடிவந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. படியில் எதிரே வந்தால் தலை ஒரு அங்குலம் கீழே இறங்கும், அதுதான் வணக்கம், விசாரிப்பு, விடைபெறுதல் எல்லாம். பால்காரன் கணக்குக் கேட்டால் விரலைக் காட்டுவார். அவர் மனைவி ரத்னம்மா எங்கள் அம்மாவிடம் வந்து எங்கள் வீட்டில்தான் ரேடியோ கேட்பார், "ஏதாவது ஒரு குரல் வேணுமில்ல" என்பார்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு காலை. நாங்கள் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டே ஒப்பித்துக்கொண்டிருந்தோம். நான் வார்த்தையைச் சொல்ல வேண்டும், அன்வர் ஆளைச் சொல்ல வேண்டும்.

"டாசிடர்ன்!"

"தாசில்தார்!"

"இன்னும் சத்தமா. டாசிடர்ன்!"

"தாசில்தார்!"

தொட்டியின் அந்தப் பக்கம் திரும்பினால் தாசில்தார் நிற்கிறார். மோட்டார் போட்டும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தொட்டியைப் பார்க்க ஏறி வந்திருக்கிறார். எனக்கு உடம்பிலிருந்த ரத்தம் எல்லாம் செருப்புக்கு இறங்கிவிட்டது.

"என்ன?" என்றார் தாசில்தார். ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை. குரல் நல்ல கணீரென்றுதான் இருந்தது.

அன்வர்தான் சமாளித்தான்.

"ஒண்ணியும் இல்ல சார். வார்த்தை படிச்சிக்கினு இருக்கோம். டாசிடர்ன். அப்டீன்னா... கவுரவமான மனுசன் சார். தப்பு தண்டாவுக்குப் போகாம நிமிந்து நிக்கறவரு. அதான் ஞாபகத்துக்கு உங்க பேர வெச்சிக்கினோம்."

அவர் அன்வரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். "ம்" என்றார். இறங்கிப் போய்விட்டார். அன்வர் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, "தப்பிச்சோம் மச்சி" என்று கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டான்.

தப்பிக்கவில்லை. மறுநாள் காலை படியில் அவர் என்னை நிறுத்தினார். "படிப்பெல்லாம் எப்படிப் போகுது தம்பி?" என்றார். நல்லா போகுது சார் என்றேன். அதோடு விடுவார் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். பட்டா, சிட்டா, அடங்கல், வருஷா வருஷம் கிராமக் கணக்கு பார்க்கும் ஜமாபந்தியில் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு வந்து நின்றது, ஏரிக்கரையில் எல்லைக்கல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தினவனை அதே கல்லின் மேல் உட்கார வைத்து விசாரித்தது. அடுத்த நாள் ஒரு மணி நேரம். அதற்கடுத்த நாள் நான் அவருக்குப் பயந்து வாசலை விட்டுவிட்டு பின்பக்கச் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து பால் வாங்கப் போனேன். அங்கே தெருவில் நின்றுகொண்டு பால்காரனிடம் நில உச்சவரம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அன்வர் காலையில் வந்து பத்து மணிக்குள் போய்விடுவான், அவனுக்கு இந்த அவஸ்தை கிடையாது. மாட்டிக்கொண்டவன் நான்.

அந்த வார்த்தையையும் அவர் விடவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம், முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல், "இந்தப் பசங்க என்னை டாசிடர்ன்ங்கறாங்க" என்றார். வார்த்தை, அன்வர் சொன்ன அர்த்தத்தோடு, குடியிருப்பு முழுக்கப் பரவியது. சங்கக் கூட்டத்தில் தரைத்தள டாக்டர் எழுந்து, "நம்ம தாசில்தார் சார் மாதிரி ஒரு டாசிடர்ன் மனிதர் செயலாளரா வரணும்" என்று முன்மொழிந்தார். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஏற்புரை ஒன்றே கால் மணி நேரம். என் அப்பா, தன் அலுவலகத்தில் யாரோ ஓய்வுபெற்றபோது பிரிவுபசாரக் கூட்டத்தில், அவர் ஒரு டாசிடர்ன் மனிதர் என்று ஆங்கிலத்திலேயே பேசிக் கைதட்டல் வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்து என்னிடம், "நல்ல வார்த்தைடா, கம்பீரமா இருக்கு" என்றார். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். வேறென்ன செய்வது?

ரத்னம்மா மட்டும் ஒருநாள் வந்து, "உங்க பையன் அவரை என்ன பண்ணினான்? ஆறு மணிக்கு ஆரம்பிச்சா படுக்கற வரைக்கும் பேசறார்" என்று அம்மாவிடம் புகார் மாதிரிச் சொன்னார். சொல்லும்போது சிரித்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னாள். எங்கள் வீட்டுக்கு ரேடியோ கேட்க வருவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை, நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில். அன்வர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆளுக்கு ஆறு பென்சில், இரண்டு பக்கமும் சீவியது. பாஸ்போர்ட்டை எங்கே வைத்தால் பத்திரம் என்று தெரியாமல் அன்வர் சட்டைக்குள்ளே, பனியனுக்கும் வயிற்றுக்கும் நடுவே வைத்திருந்தான். வாசலில் ஆட்டோ பேசி ஏறி உட்கார்ந்தால், மூன்றாவதாக ஒருவர் ஏறுகிறார். தாசில்தார்.

"அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருக்கு. உங்களை விட்டுட்டுப் போறேன்."

அபிராமபுரத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் ஒரே வழக்கு. இரண்டு அண்ணன் தம்பிகள், நடுவில் ஒரு கிணறு. ஆழ்வார்பேட்டையில் அண்ணன் கேஸ் போட்டான். ஜெமினி வந்தபோது தம்பி அப்பீல் போயிருந்தான். கல்லூரி வாசலில் நாங்கள் இறங்கி ஓடினோம், அவர் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "தீர்ப்பு என்னன்னு வந்து கேளுங்க!" என்று கத்தினார்.

நானும் அன்வரும் வேறு வேறு அறை. முதல் பகுதி நன்றாகப் போனது. பல்லி வந்தது. மல்லிப்பூ வந்தது. எனக்கே ஆச்சரியம், பழைய சிநேகிதர்களைக் கல்யாண வீட்டில் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாக வந்து கைகுலுக்கின. பிறகு எதிர்ச்சொல்லில், ஐந்தாவதோ ஆறாவதோ, பெரிய எழுத்தில் டாசிடர்ன்.

சிரித்துக்கொண்டேன். நம்ம தாசில்தார். கீழே ஐந்து விடை. ஒன்று வாயாடி. ஒன்று வாய்மூடி. மற்ற மூன்றும் ஊரான் வீட்டுச் சங்கதி. நான் கண்ணை மூடி தாசில்தாரை வரவழைத்தேன். வந்தார். ஆட்டோவில் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். டாசிடர்ன் என்றால் இப்படி. இதற்கு எதிர்ச்சொல்? வாய்மூடி. அழுத்தமாக, வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல், அழகாகக் கறுப்பாக்கினேன். அந்தத் தாளிலேயே எனக்குச் சந்தேகம் இல்லாமல் கறுப்பாக்கிய வட்டம் அதுதான்.

வெளியே வந்ததும் அன்வர் ஓடி வந்தான். "மச்சி, நம்மாளு வந்தாரு பாத்தியா! டாசிடர்ன்! வாயாடி போட்டேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சில வாரம் கழித்துத் தபாலில் மதிப்பெண் வந்தது. அன்வருக்கு அறுநூற்றுக்கு மேலே. எனக்கு அறுநூற்றுக்குப் பத்து குறைவு. ஒரு கேள்விக்கு ஏறக்குறைய பத்து என்று சொல்வார்கள். எது அந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். வேறு இருபது கேள்விகளும் தப்பாகியிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அவற்றையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து இறங்கி வந்த தாசில்தார், "எவ்வளவு?" என்றார். சொன்னேன். எந்த வார்த்தையில் போனது என்றும் சொன்னேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது.

"டாசிடர்ன்னா கௌரவமான ஆளு இல்ல சார். வாயே திறக்காத ஆளு. அன்வர் பொய் சொன்னான். நீங்க பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சுட்டீங்க. எனக்கு அர்த்தம் மாறிப்போச்சு."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முப்பத்தஞ்சு வருஷம் இங்கிலீஷ்ல ஆர்டர் எழுதினவன் தம்பி நான். டாசிடர்ன் தெரியாதா?"

என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். வேட்டியை ஒழுங்கு செய்துகொண்டார்.

"தாலுகா ஆபீஸ்ல தாசில்தார் வாயைத் திறந்தாலே, காசு கேக்கத்தான் திறக்கறான்னு எதிர்ல நிக்கறவன் நினைப்பான். எதுக்கு வம்புன்னு திறக்கறதில்ல. அப்படியே பழகிப்போச்சு. அன்னிக்கு மாடியிலேர்ந்து இறங்கிப் போய் வீட்ல இவகிட்ட கேட்டேன். ஏம்மா, நான் பேசறதே இல்லையான்னு. இப்பதான் பேசறீங்கன்னா."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேச ஆரம்பித்த பிறகு அப்படி இருந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"வேணும்னா மறுபடியும் நிறுத்திடறேன்" என்றார் கடைசியில். "நீ இன்னொரு தடவை எழுதிடு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சிரிக்க வைத்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். வேண்டாம் சார், பேசுங்க என்றேன். கிணற்று வழக்கின் தீர்ப்பை அன்றைக்குத்தான் சொன்னார். கிணற்றில் தண்ணீரே கிடையாதாம்.

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அன்வர் கிளம்பினான். அவன் அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்தவர் மகனுக்கு அடிக்காமல் இருப்பாரா? நல்ல கனமான அட்டை, தங்க எழுத்து. அவசரத்தில் 'வி'யின் மேல்விலங்கு விழாமல் போய், "என் மகன் அன்வரின் வடைபெறும் விழா" என்று அச்சாகிவிட்டது. விநியோகித்த பிறகுதான் பார்த்தார்கள். அன்வரின் அம்மா மூன்று படி உளுந்து ஊறப்போட்டார். வந்தவர்கள் எல்லாரும் இரண்டு கையிலும் வடை வாங்கிக்கொண்டு அவனை வாழ்த்தினார்கள். தாசில்தார் ஆறு வடை சாப்பிட்டார். விமான நிலையத்தில் அன்வர் என்னைக் கட்டிக்கொண்டு, "அடுத்த வருசம் எழுதிட்டு வந்துரு மச்சி, ரூம்ல எடம் வெச்சிக்கினு இருப்பேன்" என்றான். சரி என்றேன். அப்பா சொன்னது சொன்னதுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவனுடைய முதல் கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. நாலே வரி.

"மச்சி, வந்து ஒம்போது நாள் ஆச்சு. ஒருத்தன்கிட்டயும் சேந்தாப்புல நாலு வார்த்தை பேசல. ரூம்ல ஒரு கொரியாக்காரன் கீறான், அவனும் பேச மாட்றான். நான் தாசில்தார் ஆயிட்டேன்டா. பழைய தாசில்தார்."

மறுநாள் அதை நான் இரண்டாம் மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். தாசில்தார் படித்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. மந்தைவெளி மார்க்கெட் பக்கத்து எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துக்கு என்னை ஓட்டமும் நடையுமாகக் கூட்டிக்கொண்டு போனார். கடிதத்தின் மேல் எழுதியிருந்த நம்பரைச் சுழற்றினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். நாலாவது மணியில் எடுத்தான்.

"மச்சி" என்றேன்.

"மச்சி!" என்றான் அன்வர். குரல் உடைந்தது. அதற்குள் தாசில்தார் ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நான்தான். சாப்பிட்டியா? அங்க குளிரா? சரி, கேளு. அந்த ஆட்டுக்குட்டிக் கிழவர் கதை உனக்கு முழுசாச் சொல்லல இல்ல?"

தலைக்கு மேலே கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் குதித்துக் குதித்து ஓடின. பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். நான் ஜாடை காட்டினேன். தாசில்தார் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு ஜமாபந்தியைத் தொடர்ந்தார். ரிசீவரிலிருந்து அன்வர் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது, கண்ணாடியெல்லாம் அதிர்கிற மாதிரி. அவனுடைய பழைய சிரிப்பு. முழுக்கதையையும் சொல்லி முடித்து, போனை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டே தாசில்தார் சொன்னார், "பையன் நல்லாத்தானே பேசறான். எதுக்குப் பயந்தே?"

அந்த பூத் இப்போது இல்லை, எந்த பூத்தும் இல்லை. குடியிருப்பை இடித்துக் கட்டி, மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். தாசில்தாரும் போய்ப் பல வருஷம் ஆகிறது, கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நர்சுகளிடம் நில அளவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். ராயப்பேட்டை அச்சகத்தில் இப்போது யாரோ போன் கவர் விற்கிறார்கள். அமெரிக்காவுக்குப் பேசினால் எந்த எண்ணும் ஓடுவதில்லை, நாள் பூராவும் பேசலாம், காசு கிடையாது. போன பெருநாளுக்கு அன்வருக்கு நீளமாக ஒரு வாழ்த்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் திரும்பி வந்தது. நானும் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆகிறது.

அமெரிக்கா போகாததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நம்புங்கள். அவனைத் தனியாகப் போகவிட்டேனே, அதுதான்.